அம்மா அறையின் பச்சை

பெர்கன்
9 அக்டோபர் 1978

அக்காவுக்கு,

சாக்குமூட்டை வந்து சேர்ந்தது. படகுத்துறையில் வாங்கும்போது யாரோ பழைய வலையை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவிழ்த்தால் அம்மா அறையின் வால்பேப்பர், கிழிந்து சுருண்டு, ஈரத்தோடு. "அம்மாவோடது ஏதாவது வேணும்னு கேட்டியே, இந்தா" என்று ஒரு சீட்டு. கோபத்தில்தான் அனுப்பியிருக்கிறாய். தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என்ன செய்ய?

போனில் பேசினால் நம் இரண்டு பேரில் ஒருத்தி பட்டென்று ரிசீவரை வைத்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் எனக்குச் சத்தம் கேட்காது.

நான் இப்போது ஸ்டுடியோவிலேயே குடியிருக்கிறேன். மூடிப்போன மத்தி மீன் டப்பா ஆலையின் மேல்மாடி. ஒரு மூலையில் கட்டில், மற்ற மூன்று மூலையிலும் குப்பை. அதாவது என் வேலை. உன் வால்பேப்பரை உருளைக்கிழங்கு வேகவைக்கும் பெரிய பானையில் ஊறப்போட்டுப் பிரித்தேன். மேலே பூப்போட்டது, அதற்குக் கீழே கோடு போட்டது, பிறகு ஒரு பழைய செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பச்சை. அக்கா, அப்படி ஒரு பச்சையை நான் எந்த வண்ண டியூபிலும் பிழிந்ததில்லை. சின்னச் சின்னச் செதில்களாக உதிர்கிறது. விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் ஒட்டுகிறேன். மேலே தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உள்ளிருந்து பச்சை எழுந்து வருகிறது. டப்பா மூடிகளை வினிகரில் நனைத்துத் தாள்மேல் கவிழ்த்து வைத்தால் துருவே வட்டம் வட்டமாக அச்சுப் போடுகிறது.

இதையெல்லாம் விடப் பெரிய சோதனை ஒன்று. ஆலையில் கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் தாளை வைத்து, மாவுப் பசை தடவி, ஈரத்துணியால் மூடிவிட்டேன். பூஞ்சணம் பிடிக்கிறது. வெள்ளை, சாம்பல், ஓரத்தில் கொஞ்சம் ரோஜா நிறம். நான் வரைவதை நிறுத்திவிட்டேன், அது வரைகிறது. நான் தீனி போடுவதோடு சரி. பிப்ரவரியில் கண்காட்சி. எனக்கென்று தனியாக, முதல் தடவை.

ஒன்று மட்டும் சரியில்லை. நேற்று மதியம் கடைக்குப் போய் வந்து கதவைத் திறந்தால், யாரோ உள்ளே சமைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு வாசனை. பூட்டு போட்டபடியே இருந்தது.

தூரிட்


ஹெல்லேவிக்
20 அக்டோபர்

தூரிட்,

கிழித்து எறிந்ததைக்கூடச் சுவரில் மாட்டி ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவாய் நீ. சரி, உன் பிழைப்பு.

அம்மா அறையைக் கோடையில் வரும் விருந்தாளிகளுக்கு விடலாம் என்பது உன் அத்தான் ஹால்வாரின் யோசனை. கூரை ஒழுகி ஒரு சுவர் முழுக்க உப்பிப் போயிருந்தது. அதை மட்டும் உரித்தேன். மற்ற மூன்று சுவரையும் உரிக்க எனக்கு மனசு வரவில்லை. "ஏன்டி பாதியில விட்டுட்டே?" என்று அவர் தினமும் கேட்கிறார்.

பதினோரு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான். நீ கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாய். அம்மாவின் அடக்கத்தன்று "இனி இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று உன்னைச் சொன்னது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றினால் எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பூட்டு சமாச்சாரம் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள். "யாரோ உள்ள வந்துட்டுப் போறாங்க ஊன்னி. நீ பாக்கலையா?" என்பாள். முதலில் நாங்கள் சிரித்தோம்.

கதவை ஒழுங்காகப் பூட்டு. சூடாகச் சாப்பிடு.

ஊன்னி


பெர்கன்
14 நவம்பர்

அக்கா,

நீ அம்மாவைப் பற்றி எழுதியதை எழுதியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அது பூண்டு வாசனை. பிரான்ஸில் மார்செய்யில் இருந்தேனே ஒரு வருஷம், அங்கே வீட்டுக்கு வீடு இந்த வாசனைதான். இங்கே யார் பூண்டு வாங்குகிறார்கள்? காய்கறிக் கடையில் கேட்டால் மருந்துக் கடையில் பாருங்கள் என்கிறார்கள். ஆனால் என் அறையில் அது இருக்கிறது. ஒரு நாள் லேசாக, ஒரு நாள் தொண்டை கமறும் அளவுக்கு. பூட்டை மாற்றினேன். வாசல்படியில் மாவு தூவி வைத்துக் காலடி பார்த்தேன். என் காலடிதான் இருந்தது.

கீழ்த் தளத்தில் கல் செதுக்குகிற கேத்திலைக் கூப்பிட்டு வந்தேன். புகையிலை பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஒண்ணும் அடிக்கலையே. உன் மெழுகுதான் அடிக்குது."

"நல்லா மோந்து பாரு. பூண்டு."

"பேய் வந்தா கந்தகம் நாறும்னு எங்க பாதிரியார் சொல்லியிருக்கார். பூண்டு திங்கற பேயை இப்பத்தான் கேள்விப்படறேன். பிரெஞ்சுப் பேயா இருக்கும், கேட்டுப் பாரு, நீதான் அந்த மொழி பேசுவியே."

சிரித்தேன். அவன் போன பிறகு கதவுக்குக் குறுக்கே மேஜையை இழுத்துப் போட்டேன்.

வேலை மட்டும் நன்றாகப் போகிறது. அதுவும் பயமாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. பெட்டிக்குள் பூஞ்சணம் பச்சையின்மேல் கடற்கரை மாதிரி, தீவு மாதிரி படர்ந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் மூடியைத் திறந்து, முகத்தை உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிறகு உப்புத்தாள். தூளை ஊதி ஊதித் தேய்க்கிறேன், காபியின்மேல்கூடப் பச்சைப் படலம்.

தலைவலி விடுவதில்லை. வயிறு சரியில்லை. நேற்று ஊசியை எடுக்கப் போனேன், விரலுக்கு நடுவில் ஊசி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் போகச் சொல்லாதே. "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி?" என்று கேட்பார். அம்மாவைச் சொல்ல வேண்டும். சொன்னால் என்னைத் திரும்ப வெளியே விடமாட்டார்கள்.

தூரிட்


ஹெல்லேவிக்
26 நவம்பர்

தூரிட்,

உன் கடிதத்தை ஹால்வாரிடம் காட்டவில்லை. அடுப்பில் போடலாம் என்று கையில் வைத்திருந்தேன், போடவும் முடியவில்லை.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அம்மாவுக்கும் முதலில் விரல்தான் மரத்தது. பிறகு பாதம். "காலுக்குக் கீழ தரையே இல்லடி, தண்ணியில நடக்கற மாதிரி இருக்கு" என்பாள். கடைசி இரண்டு வருஷம் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. வருகிற டாக்டர் வயசு என்றார், நரம்பு என்றார், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்.

உனக்கு அம்மாவின் மூக்கு, அம்மாவின் கை. தலையும் அம்மாவுடையதுதானா என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறேன்.

இங்கே வந்து இரு என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை, மன்னித்துக்கொள். பார்சலில் பழுப்புச் சீஸும் கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறேன். மேஜையைக் கதவுக்குக் குறுக்கே போடாதே. தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவாய்?

ஊன்னி


பெர்கன்
8 டிசம்பர்

அக்கா,

சீஸுக்கு நன்றி. வயிற்றில் எதுவும் தங்கவில்லை, ஆனாலும் நன்றி.

என் நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. எல்லா விரலிலும், குறுக்காக, ஒரே உயரத்தில். சுண்ணப்பூச்சு ஒட்டியிருக்கிறது என்று டர்பன்டைன் போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்ததே தவிர கோடு போகவில்லை. அது நகத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரோ நான் தூங்கும்போது வந்து கோடு போட்டுவிட்டுப் போன மாதிரி. இப்படி எழுதும்போதே தெரிகிறது, அம்மா பேச்சு இது.

இதோடு ஒரு சின்ன வேலையை அனுப்புகிறேன். உன் கையகலம்தான். அம்மா அறையின் பச்சை, துரு, மெழுகு. கிறிஸ்துமஸுக்கு. பிடிக்காவிட்டால் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டு.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு உதவி செய். அதை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார். பூண்டு வாசனை வருகிறதா இல்லையா? என்னைச் சமாதானப்படுத்த எதுவும் சொல்லாதே. இல்லை என்றால் இல்லை என்று எழுது. எனக்குத் தெரிந்தாக வேண்டும். இது அறையில் இருக்கிறதா, என் தலைக்குள் இருக்கிறதா?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் போடு. தனியாக இதோடு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

தூரிட்


ஹெல்லேவிக்
17 டிசம்பர்

தூரிட் கண்ணே,

முகர்ந்து பார்த்தேன். வருகிறது. நீ சொன்ன அதே வாசனை, பூண்டு. உறையைப் பிரித்ததுமே வந்தது. ஹால்வாரும் "என்ன இது நாத்தம்?" என்றார்.

உன் தலை நன்றாக இருக்கிறது. இதை நம்பு. பயப்படாமல் டாக்டரிடம் போய்க் கையைக் காட்டு. அக்காவுக்கும் வாசனை வந்தது என்று சொல்.

படம் அழகாக இருக்கிறது. கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன், முகம் தெரிகிற மாதிரி.

உன் அக்கா


பெர்கன், ஆஸ்பத்திரி
15 ஜனவரி 1979

அக்கா,

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. பென்சிலை விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று தரையில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில். இரண்டு பேருக்கு வந்தால் அது பைத்தியம் இல்லை. காபி போட்டேன், பாடினேன்கூட. குடித்து முடிப்பதற்குள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உன் வீட்டிலும் வாசனை வந்தது என்றால், அது படத்தோடுதான் வந்திருக்க வேண்டும். பேய் பார்சலில் போகாது. அப்படியென்றால் என் பலகைகளில், என் பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது. அதில்தான் நான் தினமும் முகத்தை விட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். என் நகத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"படம் செய்யறேன். பழைய வால்பேப்பர், மெழுகு, துரு, பூஞ்சணம்."

"வால்பேப்பர் என்ன நிறம்?"

"பச்சை."

"எவ்வளவு பழசு?"

"எங்க தாத்தாவோட அப்பா வீடு கட்டினப்ப ஒட்டினது."

"அந்தப் பச்சை ஆர்சனிக்ல செஞ்சதும்மா. பாஷாணம். காஞ்ச சுவர்ல சும்மா இருக்கும். நீங்க அதைத் தேய்ச்சுத் தூளாக்கிச் சாப்பிட்டிருக்கீங்க" என்றார்.

பூண்டு வாசனையைச் சொன்னேன். அக்காவுக்கும் வந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஈரத்தில் பூஞ்சணம் அந்தப் பச்சையைத் தின்றால் காற்றில் ஒரு விஷம் வருமாம், அதற்கு அதே வாசனையாம். முடியையும் நகத்தையும் வெட்டி அனுப்பினார்கள். அவர் சொன்னபடியேதான் முடிவு வந்தது.

விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு செதிலாக எடுத்தேனே அக்கா. இருபது வருஷப் பழக்கம். வேறு எப்படி எடுப்பதென்றே எனக்குத் தெரியாது.

ஸ்டுடியோவுக்கு நான் இனி போகக் கூடாது. ஆட்கள் முகமூடி போட்டு வந்து எல்லாவற்றையும் பீப்பாய்க்குள் போட்டு மூடிக் கொண்டுபோனார்கள். கண்காட்சியும் இல்லை. என் வாழ்நாளில் செய்ததில் நல்லது அதுதான், கேத்தில்கூட ஒரு தடவை பைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தான். விரல்கள் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

அந்தப் படத்தை உடனே கட்டிலுக்கு மேலிருந்து எடு. கையுறை போட்டு எடு, வீட்டுக்கு வெளியே வை. அம்மா அறைப் பக்கம் போகாதே. கூரை ஒழுகுகிறது என்றாயே, மூன்று சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது என்றாயே. அம்மா அங்கேதான் படுத்திருந்தாள். நான் சொல்வது புரிகிறதா?

தூரிட்


ஹெல்லேவிக்
24 ஜனவரி

தூரிட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவையே தொடவில்லை. இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. படத்தில் மெழுகு வாசனைதான் இருந்தது. ஹால்வார் நாற்றம் என்று சொன்னதாக எழுதியதும் நானாக இட்டுக்கட்டியதுதான். பூண்டு எப்படி வாசனை அடிக்கும் என்றே எனக்குத் தெரியாதடி. என் சமையலறைக்குள் அது வந்ததே கிடையாது. நான் எங்கே பிரான்ஸ் போனேன்?

நீ தனியாகப் பயந்து சாகிறாய் என்று பொய் எழுதினேன். இன்னொன்றும் சொல்கிறேன், திட்டிக்கொள். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்ட கையோடு அங்கே பெர்கனில் இருக்கிற மனநல ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். படுக்கை இருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றார்கள். ஜனவரி கடைசியில் படகில் வந்து உன்னைக் கூட்டிப் போவதாக இருந்தேன். நீயாக டாக்டரிடம் போனால் அவரே உன்னை அங்கே அனுப்பிவிடுவார் என்று நினைத்துத்தான் போகச் சொன்னேன். அவர் உன் நகத்தைப் பார்த்தார். நான் உன்னை நம்பவே இல்லை.

படத்தை எடுத்து விறகுக் கொட்டகையில் வைத்துவிட்டேன். ஆனால் அம்மா அறையைப் பற்றிச் சொன்னால் ஹால்வார் கேட்கமாட்டேன் என்கிறார். "மூணு தலைமுறை இந்தச் சுவருக்குள்ளதான் பொழச்சுது. உன் தங்கச்சி நக்கினா, அதுக்கு வீடு என்ன பண்ணும்?" அவரைச் சொல்லி என்ன? எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருக்கிறது. அம்மா அறைக்குப் போய் நின்று முகர்ந்து பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் இல்லை.

எனக்கு எதை முகர வேண்டும் என்று தெரியாது என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஊன்னி


பெர்கன்
2 பிப்ரவரி

அக்கா,

திட்ட எனக்கு நேரமில்லை. நீ பொய் சொல்லியிருக்காவிட்டால் நான் டாக்டரிடம் போயிருக்கமாட்டேன். அந்தப் பெட்டிக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விஷயத்துக்கு மட்டும் பிறகு வட்டியும் முதலுமாகச் சண்டை போடுகிறேன்.

இங்கே வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு கப்பல் சமையல்காரி இருக்கிறாள். அவள் மகனிடம் சொல்லி வாங்கியது இது. உறைக்குள் காகிதத்தில் சுற்றி ஒரு பல் பூண்டு வைத்திருக்கிறேன். தோலை உரித்து, கத்தியால் நசுக்கி, முகர்ந்து பார். நன்றாக முகர்ந்து மனசில் வைத்துக்கொள். பிறகு அம்மா அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வாசலிலேயே நில். ஒரே ஒரு மூச்சு. அந்த வாசனை இருந்தால் எதையும் எடுக்காதே, ஹால்வார் அத்தானை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு.

இல்லை என்று எழுதுவாய் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தூரிட்


ஹெல்லேவிக், படகுக் கொட்டகை
6 பிப்ரவரி

தூரிட்,

வெளியே வந்துவிட்டோம். ஹால்வார் திட்டிக்கொண்டே அடுப்பு மூட்டுகிறார், வாய் மட்டும்தான் திட்டுகிறது. நாளை மறுநாள் படகில் நான் உன் டாக்டரிடம் வருகிறேன். இலையுதிர் காலத்திலிருந்தே என் கால் விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. குளிர் என்று நினைத்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

பூண்டு நேற்று வந்தது. சமையல் மேஜையில் வைத்து நீ சொன்ன மாதிரி நசுக்கினேன். ஹால்வார் கேலி செய்தார், "என்னடி, பல்லு முளைச்ச வெங்காயமா?" குனிந்து முகர்ந்தேன். அறைக் கதவு வரைக்கும் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. மேஜையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அந்த வாசனை தெரியும். கூரை ஒழுக ஆரம்பித்ததிலிருந்து, மழைக்காலம் முழுக்க, அம்மா அறையில் அந்த வாசனைதான். படுக்கை விரிப்பை மாற்றும்போது, அவளைத் தூக்கி உட்கார வைக்கும்போது, அவள் தலைமுடியில், கம்பளியில் எல்லாம். அது அம்மாவின் வாசனை என்றுதான் நினைத்திருந்தேன். வயசானால் இப்படித்தான் வரும்போல என்று.

அவள் போன பிறகும் அறையில் அது இருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது தூரிட். மற்ற மூன்று சுவரை உரிக்க மனசு வராததும் அதனால்தான். வேலை முடிந்ததும் தினமும் போய் அவள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுப்பேன். அது போய்விடக் கூடாது என்று ஜன்னலை இறுக்கிச் சாத்தி, இடுக்கிலெல்லாம் துணி வைத்து அடைத்திருந்தேன்.

ஊன்னி